ஒரே படம் இரண்டு முறை: சோராப் ஹூராவின் ‘தி கோஸ்ட்’

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. குனிந்து குகைக்குள் போய் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், மலை உச்சியில் விரிந்து கிடக்கும் வெட்டவெளி. சுற்றுக் கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் வருவார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே கேமராக்களும் வரும். என்ன படம் எடுக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சுருக்கம் விழுந்த பாட்டி முகம், சாமி வந்தவரின் அவிழ்ந்த கூந்தல், மூடுபனிக்கு நடுவே ஒரு தீபம். தனித்தனியாப் பார்த்தா ஒவ்வொண்ணும் அழகுதான். நூறு படத்தைச் சேர்த்து வழவழப்பான தாளில் அச்சடித்தால் வரவேற்பறை மேசைக்கு ஒரு கனமான புத்தகம் ரெடி.

ஆனா அது புத்தகமா, இல்லை படங்களைப் போட்டு வைக்கிற பெட்டியா? எந்தப் பக்கத்தைக் கிழித்தாலும் மிச்சத்துக்கு ஒன்றும் ஆகாது என்றால் அது ஆல்பம். ஒரு பக்கத்தை எடுத்தால் அடுத்த பக்கத்தின் அர்த்தமே மாறிவிடும் என்றால்தான் அது புகைப்படப் புத்தகம். நான் வைத்திருக்கும் எளிய அளவுகோல் இதுதான். இந்த அளவுகோலோடு திருவிழாப் படங்களை அணுகும்போது எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது சோராப் ஹூராவின் ‘தி கோஸ்ட்’ (2019).

புத்தகத்தில் முதலில் வருவது ஒரு சின்னக் கதை. மது என்று ஒரு பெண். அவளுடைய தலையை அவளுடைய காதலனே திருடிவிடுகிறான். அபத்தமான கதைதான். அதே கதை பன்னிரண்டு முறை சொல்லப்படுகிறது. ஒவ்வொரு முறையும் சிறுசிறு மாற்றம். மூணாவது தடவைக்கு மேல், முதலில் படிச்சது எதுன்னே நமக்குக் குழம்பிடும். வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கைமாறிக் கைமாறி வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல.

பிறகு படங்கள். இந்தியக் கடற்கரையோரம் எடுத்தவை. கண்ணில் குத்தும் ஃப்ளாஷ், அடிக்கும் நிறங்கள். இங்கேயும் அதே விளையாட்டுதான். படங்கள் ஜோடி ஜோடியாக வருகின்றன. பக்கத்தைப் புரட்டினால் இப்போது பார்த்த படமே வேறொரு படத்தோடு சேர்ந்து மறுபடி வருகிறது. உதாரணத்துக்கு, ரத்தம் வழியும் ஒரு முகம்னு வைங்க. பக்கத்தில் கோபமான ஒரு ஆள் இருந்தால் அது அடிதடி. வேஷம் கட்டிய ஒருவர் இருந்தால் அதே ரத்தம் சாயமாகிவிடுகிறது. படம் மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம். “இவன் அடிச்சான், இவள் அடி வாங்கினாள்” என்று தீர்ப்பு எழுதியது படமல்ல, நாம். இதைக் கட்டுரையாக எழுதியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு மறந்திருப்போம். விரல் பக்கத்தைப் புரட்டும்போது கையும் களவுமாக மாட்டிக்கொள்கிறோம். சுவரில் மாட்டிய கண்காட்சியில் இது இதே மாதிரி நடக்காது. புரட்டுவது என்ற செயல் வேண்டும்.

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் நடக்கும் ஒரு திருவிழாவும் இதில் இருக்கிறது. குலசை தசரா பார்த்தவர்களுக்கு அந்த வேஷங்களும், கடலில் இறங்கும் கூட்டமும் பழக்கமான காட்சி. வழக்கமான திருவிழாப் படம் ‘பக்தி’ என்று ஒரு சொல்லில் முடித்துவைப்பதை ஹூரா முடிக்க விடுவதில்லை. அதுதான் இதன் பலம்.

ஆனால் ஒரு மனக்குறை சொல்லியாக வேண்டும். வேஷம் கட்டுகிறவருக்கு அது நேர்த்திக்கடன். ஏன் அந்த வேஷம், எத்தனை நாள் விரதம் என்று அவருக்கு ஒரு கதை இருக்கும். புத்தகத்தில் அவர் இன்னொருவருடைய வாக்கியத்தில் ஒரு சொல்லாகிவிடுகிறார். படத்துக்கு எப்படிப் பொருள் ஏற்றுகிறோம் என்று கேள்வி கேட்கும் புத்தகம், அந்தப் பொருளைச் சொல்லக்கூடிய ஆளிடம் கேட்கவில்லை. கதையும் ஆங்கிலத்தில். படத்தில் இருப்பவர் கைக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்தாலும், பாதிப் புத்தகம் அவருக்குப் பூட்டியே இருக்கும்.

இந்த இடத்தில்தான் பதிப்பு என்ற விஷயம் முக்கியமாகிறது. ‘தி கோஸ்ட்’ 2019-இல் பாரிஸ் ஃபோட்டோ–அப்பர்ச்சர் விருதுகளில் ஆண்டின் சிறந்த புகைப்படப் புத்தகமாகத் தேர்வானது. அதைப் போட்டது பெரிய பதிப்பகம் அல்ல. ‘அக்ளி டாக்’ என்ற பெயரில் ஹூரா தானே வெளியிட்டார். தாயின் மனநோயோடு வாழ்ந்ததைச் சொல்லும் ‘லைஃப் இஸ் எல்ஸ்வேர்’ (2015) வந்ததும் அப்படித்தான். அதே விருதை 2017-இல் வாங்கிய தயானிதா சிங்கின் ‘மியூசியம் பவன்’ ஜெர்மனியின் ஸ்டைடல் வெளியீடு. ஒரு பெட்டிக்குள் விசிறிபோல் மடிந்த ஒன்பது சிறு நூல்கள், விரித்து நிறுத்தினால் வீட்டிலேயே கண்காட்சி. ஈழத்தமிழ்த் தந்தைக்குப் பிரான்சில் பிறந்த வசந்த யோகானந்தன் ராமாயணத்தை ஏழு புத்தகங்களாகப் போட்டது (2016–2021), தான் சேர்ந்து தொடங்கிய ‘ஷோஸ் கம்யூன்’ வழியாக. மூன்று பேரும் அச்சையும் கட்டமைப்பையும் படைப்பின் பகுதியாக நினைத்தவர்கள். ஆனா விலை? ஒரு சராசரித் தமிழ் வாசகர் ஒரு வருஷத்துக்கு வாங்குகிற புத்தகங்களின் மொத்தக் காசு ஒரே பிரதிக்குப் போய்விடும்.

“நம்ம ஊர்ல இதெல்லாம் முடியாதுங்க” என்பார்கள். எது முடியாது? இந்தியா முழுக்கக் காலண்டரும் டைரியும் அச்சடித்துத் தரும் சிவகாசி இங்கேதான் இருக்கிறது. சொந்தமாகப் பதிப்பிப்பதும் நமக்குப் புதிதல்ல. 1959-இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா, தான் போட்ட புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். புகைப்படப் புத்தகத்துக்கு வழவழ தாள்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1968-இல் ஜப்பானில் தொடங்கிய ‘ப்ரோவோக்’ மூன்று இதழோடு நின்றுபோன சிறுபத்திரிகைதான். கரடுமுரடான கறுப்பு வெள்ளைப் படங்கள். அதைத்தான் இன்று உலகம் தேடிப் பிடித்துப் படிக்கிறது.

சேர்வராயன் கோயில் திருவிழாவைப் பற்றி முப்பத்திரண்டு பக்கம், கறுப்பு வெள்ளை, நடுவில் பின் அடித்தது, தமிழில். படத்தில் இருப்பவரே தன் படத்துக்கு எது ஜோடி என்று சொன்னால் இன்னும் நல்லது. அடுத்த மே மாதம் கோயிலுக்கு வெளியே ஒரு துணி விரித்து அதை வைக்கலாம். அந்தப் பாட்டி வந்து புரட்டிப் பார்த்துவிட்டு, “இது நான் இல்லப்பா” என்று சொல்லக்கூடும். அந்த விமர்சனத்துக்காகவே இப்படி ஒரு புத்தகம் வரவேண்டும்.