கண்ணைக் குத்தும் சாமியும் தலைக்கட்டு வரியும்

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்." சேலத்திலிருந்து நாமக்கல் வரை விரிந்த சமவெளியில் பிறக்கும் பிள்ளை தெய்வத்தைப் பற்றிக் கேட்கும் முதல் சேதிகளில் இது ஒன்று. சொல்பவர் பெரும்பாலும் அம்மாயியோ அப்பத்தாவோதான். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளை இதைச் சோதித்தும் பார்த்துவிடும். பொய் சொல்லும், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அதன்பின் அந்த நம்பிக்கை என்னவாகிறது? உதிர்ந்துவிடுகிறதா, வேறு உருக்கொள்கிறதா? நூறாண்டுக்கும் மேலாக உளவியலாளர்கள் இந்தக் கேள்வியின் பின்னால் போயிருக்கிறார்கள். அவர்களுடைய முடிவுகளை இந்த மண்ணில் வைத்துப் பார்த்தால் சில அப்படியே பொருந்துகின்றன. சில பொருந்தவே இல்லை.

முதலில் பொருந்துவது. ஸ்விட்சர்லாந்தின் ழான் பியாஜே, குழந்தைகளின் ஒழுக்கத் தீர்ப்பு பற்றி 1932இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்டதைப் பதிவு செய்திருக்கிறார். தோட்டத்தில் ஆப்பிள் திருடிய சிறுவன் ஓடுகிறான். ஒரு மரப்பாலத்தைக் கடக்கும்போது பலகை உடைந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் விழுந்திருப்பானா? விழுந்திருக்க மாட்டான், அது திருட்டுக்குக் கிடைத்த தண்டனை என்றார்கள் ஆறு வயதுப் பிள்ளைகளில் 86 விழுக்காட்டினர். பதினொன்று, பன்னிரண்டு வயதில் அப்படிச் சொன்னவர்கள் 34 விழுக்காடுதான். பலகைக்கும் திருட்டுக்கும் தொடர்பில்லை என்று ஜெனீவாப் பிள்ளைகள் உணர்ந்த அதே வயதில்தான் ராசிபுரத்துப் பிள்ளையும் சாமி கண்ணைக் குத்தவில்லை என்று கண்டுகொள்கிறது. அச்சத்தின் வழியாக வந்த தெய்வம் அங்கும் இங்கும் ஏறத்தாழ ஒரே வயதில்தான் தளர்கிறது போலும்.

அடுத்த கேள்வி, நான் யார் என்பதைப் பற்றியது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1960களின் தொடக்கத்தில் யூத, கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பிள்ளைகளிடம் வரிசையாக ஆய்வு நடத்தினார். நாயோ பூனையோ யூதராக இருக்க முடியுமா என்பது அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. சின்னஞ்சிறு பிள்ளைகள் குழம்பின. ஏழு முதல் ஒன்பது வயதுள்ளவர்கள் கோயிலுக்குப் போவது, குடும்பத்தில் பிறந்தது போன்ற வெளிப்புற அடையாளங்களைக் காரணமாகச் சொன்னார்கள். பத்து வயதைத் தாண்டியவர்களே நம்பிக்கை, கொள்கை என்று அகத்தைப் பற்றிப் பேசினார்கள். இதைத் தொடர்ந்து ஜேம்ஸ் ஃபவுலர் 359 பேரை நேர்கண்டு, 1981இல் நம்பிக்கையின் ஆறு படிநிலைகளை வகுத்தார். கதையை அப்படியே உண்மையென ஏற்கும் நிலை, சுற்றத்தாரின் நம்பிக்கையோடு ஒட்டி நிற்கும் நிலை, தானே எடைபோட்டுத் தெளியும் நிலை என்று அந்த ஏணி உயர்கிறது.

அந்த ஏணி இங்கே முதல் படியிலேயே ஆட்டம் காண்கிறது. காரணம், இந்தச் சமவெளியில் சமயம் பிள்ளைக்குக் கொள்கையாக வருவதில்லை. காட்சியாகவும் சத்தமாகவும் ருசியாகவும் வருகிறது. குலசாமி கோயிலில் முடியிறக்கிக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் அழுதது, ஊர்த் திருவிழாவான நோம்பிக்குக் கம்பம் நட்ட இரவில் மேளத்துக்கு ஆடியது, எடப்பாடிக் காவடிக் கூட்டத்தோடு பழனிக்கு நடந்து மலைமேல் இரவு தங்கியது, பஞ்சாமிர்தம் நக்கியது என்றுதான் அது மனதில் இறங்குகிறது. சேலம் குகைப் பகுதியின் ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை நடக்கும். அலங்கரித்த வண்டிகளில் ஊர்க்காரர்களே சிவனாக, முருகனாக, அம்மனாக வேடமிட்டு வீதியுலா வருவார்கள். வண்டியில் நிற்பது பக்கத்து வீட்டு அண்ணன் என்று பிள்ளைக்குத் தெரியும். கையெடுத்துக் கும்பிடவும் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதில் அதற்குச் சங்கடம் ஏதுமில்லை.

அமெரிக்காவில் கேத்லீன் காரிவோவும் பால் ஹாரிஸும் மற்றொருவரும் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்றில், சமயச் சூழலில் வளரும் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் அற்புதம் நிகழும் கதைகளின் நாயகர்களை உண்மையில் வாழ்ந்தவர்கள் என்று கருதும் போக்கு அதிகமாகத் தென்பட்டது. சமயச் சூழல் இல்லாத பிள்ளைகள் அவர்களைக் கற்பனை என்றார்கள். உடுக்கைப் பாட்டாக அண்ணன்மார் கதை கேட்டு வளரும் கொங்குப் பிள்ளைக்கோ இந்தப் பிரிவினையே அந்நியமானது. பொன்னரும் சங்கரும் அதற்குக் கதைமாந்தர், மூதாதையர், கோயிலில் நிற்கும் சாமிகள்.

பதின்வயது வேறு கதை. எட்வின் ஸ்டார்பக் 1899இலும் ஸ்டான்லி ஹால் 1904இலும் அமெரிக்க இளைஞர்களின் சமய மாற்றம் பெரும்பாலும் பதின்வயதில்தான் நிகழ்கிறது என்று எழுதினார்கள். கிறித்தவ சபைகள் இந்தப் பருவத்துக்கென்றே சடங்குகளை வைத்திருக்கின்றன. சேலத்துக் கத்தோலிக்கப் பிள்ளைக்குப் புதுநன்மையும் பின்னர் உறுதிப்பூசுதலும் உண்டு. பெந்தகொஸ்தே சபைகளில் விவரம் தெரிந்த பின் தானாக முன்வந்து முழுக்கு ஞானஸ்நானம் பெற வேண்டும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை குர்ஆன் ஓதி முடிப்பதும் முதல் நோன்பு வைப்பதும் குடும்பமே கொண்டாடும் படிகள். கிராமத்து இந்துக் குடும்பத்தில் "நீ நம்புகிறாயா?" என்று யாரும் எந்த வயதிலும் கேட்பதில்லை.

யாரும் கேட்காத அந்தக் கேள்வியை இந்த மண்ணில் ஓர் இயக்கம் கேட்டது. 1925இல் 'குடி அரசு' இதழைத் தொடங்கிய பெரியார் ஈ.வெ.ரா., 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலம் மாநாட்டில்தான் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகம் என்று பெயர்மாற்றினார். 1971 ஜனவரியில் அதே சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலம் நாடெங்கும் புயலைக் கிளப்பியது. அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில் கடவுளின் பெயரால் பெரும் பிரச்சாரம் நடந்தும், பெரியார் ஆதரித்த தி.மு.க. 184 இடங்களில் வென்றது. அவர்களுக்கு வாக்களித்தவர்கள் ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை நிறுத்தவும் இல்லை. வாக்கும் வேண்டுதலும் தனித்தனிக் கணக்கு என்று சேலத்து மக்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

பெரியாரின் வாழ்வே படிநிலைக் கோட்பாட்டுக்குக் கடினமான கேள்வி. வைணவக் குடும்பத்தில், பாகவதர்களும் பண்டிதர்களும் வந்து போகும் ஈரோட்டு வீட்டில் பிறந்தவர் அவர். பண்டிதர்களை மடக்கிக் கேள்வி கேட்டது சிறுவயதில். 1904இல் காசியில் சாதியின் பேரால் சத்திரச் சோறு மறுக்கப்பட்டுப் பசியில் எச்சில் இலையில் கிடந்ததை உண்டது இளமையில். அதற்குப் பிறகும் ஊர் திரும்பி ஈரோட்டில் தேவஸ்தானக் குழுத் தலைவராக இருந்தார். கடவுள் மறுப்பை அவர் இயக்கமாக்கியது நாற்பது வயதைக் கடந்த பின்தான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் பணியாற்றிய கண்ணதாசனின் பயணம் நேர் எதிர்த்திசையில் அமைந்தது. நாத்திக மேடையில் நின்றவர், மறுப்பதற்காகக் கம்பனைப் படிக்கப் போய் அதில் மூழ்கியதாகத் தாமே எழுதினார். பின்னாளில் பத்துப் பாகங்களாக 'அர்த்தமுள்ள இந்து மத'மும், அதையும் தாண்டி 'இயேசு காவிய'மும் அவரிடமிருந்து வந்தன. இருவருக்கும் பெரிய திருப்பம் நடுவயதில் நேர்ந்தது. ஒருவரை அவமானம் திருப்பியது, இன்னொருவரை வாசிப்பு.

அவமானம் என்னும் காரணத்தை மேலைநாட்டுப் பாடநூல்கள் போதிய அளவு பேசவில்லை. கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலேயே வந்துவிட்டது. 2023 ஜனவரியில், சேலம் அருகே திருமலைகிரியில் பட்டியலின இளைஞர் ஒருவர் மாரியம்மன் கோயிலுக்குள் போனதற்காக ஊர் நடுவில் வசைபாடப்பட்ட காணொளி தமிழகமெங்கும் பரவியது. வாசலுக்கு வெளியே நின்று சாமி பார்த்து வளரும் பிள்ளை, தெய்வத்தோடு சேர்த்துத் தூரத்தையும் கற்றுக்கொள்கிறது. அதன் பிற்கால நம்பிக்கையை எந்த ஏணியின் எந்தப் படியில் வைப்பது?

வளர்ந்தோரின் உலகத்தில் பழைய நம்பிக்கை கரைந்து அறிவியல் அந்த இடத்தைப் பிடிக்கும் என்பது நெடுங்கால எதிர்பார்ப்பு. கிரிஸ்டின் லெகாரும் சூசன் கெல்மனும் தென்னாப்பிரிக்காவில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது. எய்ட்ஸுக்குக் கிருமி காரணம் என்று நன்கறிந்த பெரியவர்களே சூனியத்தையும் காரணமாகச் சொன்னார்கள். வயது ஏறியதால் இரண்டாவது விளக்கம் மறையவில்லை. இரண்டும் அருகருகே வாழ்ந்தன. இதற்குச் சேலத்தை விடச் சிறந்த சான்று ஏது? இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளிகள் 1975இல் காணப்பட்டார்கள். 1980இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மைக்கு அஞ்சி வழிபட்ட காலம் போய் ஐம்பதாண்டு ஆகிறது. மாரியம்மன் கோயில்களில் கூட்டம் குறையவில்லை. உருளுதண்டமும் பூமிதியும் தொடர்கின்றன. இன்று வேண்டுதல் வேலைக்கும் வரனுக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் ஆனது. தெய்வம் காக்கும் இடம் மாறியிருக்கிறது.

தொழிலும் நம்பிக்கையை உருமாற்றுகிறது. டிரோபிரியாண்ட் தீவினர் அமைதியான காயலில் மீன்பிடிக்கையில் மந்திரம் செய்வதில்லை, ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் செய்கிறார்கள் என்று நூறாண்டுக்கு முன் மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி காட்டினார். நாமக்கல் லாரி ஓட்டுநர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்படுவதையும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் துளை போடும் முன் தேங்காய் உடைப்பதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். பிரேக்கைச் சரிபார்க்காமல் எந்த ஓட்டுநரும் எலுமிச்சையை மட்டும் நம்புவதில்லை. அறிவு எட்டும் இடம்வரை அறிவு. அதற்கப்பால் உள்ள நிச்சயமின்மைக்குச் சடங்கு. பள்ளிப் பருவத்தில் இதையெல்லாம் கிண்டல் செய்த இளைஞன், வண்டிக்கடனுக்குக் கையெழுத்திட்ட பிறகு எலுமிச்சம்பழம் வாங்கப் போகிறான்.

படிநிலைக் கோட்பாடுகள் தொடாத இரண்டு திருப்பங்கள் இங்கே உள்ளன. ஒன்று ஆணுக்கு உரியது. திருமணம் ஆனதும் அவன் பெயர் குலசாமி கோயில் கணக்கில் ஒரு தலைக்கட்டாக, அதாவது வரி கட்டும் தனிக் குடும்பமாக, ஏறும். நோம்பிக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வருவார்கள். அவன் நம்புகிறவனா மறுப்பவனா என்று அந்த நோட்டுப் புத்தகம் பார்ப்பதில்லை. வரி கட்டுவது உறவுக்கும் ஊருக்கும் செய்யும் கடமை. கட்டிக்கொண்டே வரும்போது பலருக்குக் கடமை பற்றாகவும் மாறிவிடுகிறது.

இன்னொன்று பெண்ணுக்கு உரியது, அதைவிட ஆழமானது. அப்பாருடைய கையைப் பிடித்துப் போன கோயிலின் சாமி, தாலி ஏறிய நாளிலிருந்து அவளுக்குப் பிறந்த வீட்டுச் சாமி ஆகிவிடுகிறது. இதுவரை பார்த்தே இராத ஒரு கோயிலில் போய் அவள் பொங்கல் வைக்கிறாள். ஓர் ஆளின் சமய வாழ்வில் இதைவிடப் பெரிய இடமாற்றம் என்ன இருக்கிறது? ஆனாலும் இந்துவாக வளர்ந்தோரில் 99 விழுக்காட்டினர் இன்றும் இந்துவே என்று பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் அவளும் மாறாதவர்களில் ஒருத்தி. இந்தியா முழுதும் 29,999 பேரிடம் கேட்ட அந்த ஆய்வு பெயர்ப்பலகையைச் சரியாகப் படித்திருக்கிறது. பலகைக்குள் நடக்கும் குடிபெயர்ப்பு அதற்கு எட்டவில்லை. பிள்ளைக்கு முதன்முதலில் சாமியைச் சொல்லிக் கொடுப்பவள், தன் சாமியை மாற்றிக்கொண்டு வந்த அந்தப் பெண்தான் என்பது சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டியது.

அப்படியானால் எந்த வீட்டில் நம்பிக்கை அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது? அமெரிக்க சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் 1970இல் தொடங்கி மூன்றரைப் பத்தாண்டுகள் நான்கு தலைமுறைக் குடும்பங்களைப் பின்தொடர்ந்தார். பெற்றோரின் கண்டிப்பைவிட நெருக்கமே, அதிலும் தந்தையின் பாசமே, பிள்ளைகள் பெற்றோரின் சமயத்தைத் தொடர்வதற்குப் பெரிய காரணம் என்பது 2013இல் வந்த அவருடைய நூலின் முடிவு.

இந்தச் சமவெளியின் வீடுகளுக்கும் அதில் பாடம் இருக்கிறது. சாமியைக் காட்டி மிரட்டி வளர்த்த பிள்ளை பன்னிரண்டு வயதில் அச்சத்தை உதறும்போது, பற்றிக்கொள்ள வேறு எதுவும் கையில் இருக்காது. அந்த வயதில் அது கேட்கும் கேள்வியைத் திமிர் என்று அதட்டுவது பெற்றோர் செய்யும் பெருந்தவறு. நம்புகிற வீடும் மறுக்கிற வீடும் அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். ஆய்வுலகத்திடமும் கேட்க ஒன்று உண்டு. 1997 முதல் சேலத்தில் பெரியார் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஜெனீவாவிலும் அமெரிக்காவிலும் கேட்கப்பட்ட கேள்விகளை ஆத்தூரிலும் பரமத்தி வேலூரிலும் கேட்க அதன் மாணவர்களால் முடியும். குலசாமி மாறிய பெண்களிடமும், வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளிடமும் முதலில் போய்க் கேட்கட்டும். கேட்டதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்கட்டும்.