கூச்சத்தின் விலை

நாவல் எழுதுகிறவன் அவ்வப்போது கோர்ட்டுத் தீர்ப்புகளைப் படிப்பது நல்லது. மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நீதிபதிகளும் நம்மைப் போலக் கற்பனை செய்யத்தான் வேண்டியிருக்கிறது. நம் கற்பனை பிசகினால் ஒரு புத்தகம் கெடும். அவர்கள் கற்பனை பிசகினால் அது சட்டமாகிவிடும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003 ஜூனில் வழங்கிய தீர்ப்பு ஒன்று அப்படிப்பட்டது. இணைய வசதிக்காக மத்திய சர்க்காரின் உதவி பெறும் பொது நூலகங்கள், ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டியைத் தங்கள் கம்ப்யூட்டர்களில் எல்லாம் பொருத்த வேண்டும் என்று 2000-இல் ஒரு சட்டம் வந்தது. குழந்தைகளைக் காப்பது என்று அதற்குப் பெயர். பெரியவர்களின் கம்ப்யூட்டரும் அதற்கு விலக்கல்ல. அமெரிக்க நூலகச் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2002-இல் பிலடெல்பியாவில் மூன்று நீதிபதிகள் சட்டம் செல்லாது என்றார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், செல்லும் என்றது.

சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும்போது நூலகர் படும் சங்கடம் நிஜமானது. ஆனால் வடிகட்டி என்பது தனியார் கம்பெனி விற்கும் சரக்கு. எதை அடைக்கிறது என்ற பட்டியலைக் கம்பெனி ரகசியமாக வைத்துக்கொள்கிறது. குற்றமற்ற பக்கங்கள் ஆயிரக்கணக்கில் அதில் சிக்கிக்கொள்கின்றன என்பதைப் பிலடெல்பியா நீதிபதிகள் சாட்சியங்களை விசாரித்து எழுதி வைத்தார்கள்.

இதற்கு உச்ச நீதிமன்றம் கண்ட பரிகாரம் மிகவும் சுலபமானது: பெரியவர்கள் கேட்டால் நூலகர் திறந்துவிடுவார். கேட்கக் கூச்சமாக இருக்குமே என்றால், சங்கடமே இல்லாமல் தகவல் பெறும் உரிமையை அரசியல் சாசனம் யாருக்கும் தரவில்லை என்கிறார் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட். உள்ளறையில் பூட்டி வைத்த புத்தகத்தைக் கேட்டு வாங்குவது போலத்தானே என்கிறார் பிரேயர்.

போலத்தானா? உள்ளறைப் புத்தகத்துக்குக் காட்டலாக்கில் பெயர் இருக்கிறது. அடைபட்ட பக்கத்துக்கு அது கூட இல்லை. மறைக்கப்பட்டது இன்னதென்று தெரியாதவன் எதைக் கேட்பான்? மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஸ்டீவன்ஸ் இதைச் சரியாகவே பிடித்துக்கொண்டார்.

கேட்க நேர்கிறவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இல்லாதவன்தான் மேஜைக்கு எழுந்து போகிறான். உடம்பில் வந்த ஒரு ரகசிய நோயைப் பற்றி அவன் படிக்க வேண்டியிருக்கலாம். பின்னால் ஒரு வரிசை நிற்கிறது. நூலகர் அவன் தெருக்காரராகவும் இருக்கலாம். அவன் கேட்க மாட்டான். பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவான். போனவனைப் பற்றிய புகார் எந்தக் கோர்ட்டுக்கும் வராது.

கேட்டவர்கள் கதையும் உண்டு. மிஸௌரி மாநிலத்தில் சேலம் என்று ஓர் ஊர். நம் சேலம் அல்ல. அமெரிக்க ஆதிகுடிகளின் சமயத்தைப் பற்றிப் படிக்கப் போன ஒரு பெண்மணிக்கு நூலக வடிகட்டி குறுக்கே நின்றது. அதன் கணக்கில் அது மாந்திரீகம். சட்டம் தடுக்கச் சொன்னது படங்களை மட்டுமே. ஆனால் வாங்கிய இயந்திரத்தில் வேறு தடைகளும் இருந்தன. அவர் 2012-இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. மறு ஆண்டு சமரசமாயிற்று. நூலகம் அந்தத் தடையைக் கைவிட்டது. 'கேட்டால் திறப்பார்கள்' என்பதற்கு அந்த ஊரில் பொருள் இதுதான்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி திரைக்கு மறைப்பு வைக்கலாம், குழந்தைகளின் கம்ப்யூட்டர்களைத் தனியே போடலாம், வடிகட்டி வேண்டுமா என்பதைப் பெரியவர்களே தீர்மானிக்க விடலாம் என்று பிலடெல்பியாத் தீர்ப்பே சொல்லியிருந்தது.

ஆறு நீதிபதிகளும் கெட்டிக்காரர்கள்; சட்டம் தெரிந்தவர்கள். கூச்சப்படுகிற ஒரு மனிதனைத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. நாவலாசிரியனாக இருந்தால் இந்தக் குறை ஒன்றுக்காகவே அவர்களை நிராகரித்திருப்போம்.