டப்பா மட்டும் மணக்கிறது

ஒரத்தநாட்டுக் கல்யாண மண்டபங்களில் வரிசைத் தட்டில் பூ, பழம், வளையலோடு இப்போது ஒரு சென்ட் பாட்டிலும் ஏறிவிடுகிறது. லிப்ஸ்டிக் போலவே மூடி. அடித்தால் முதலில் ஏதோ சிவப்புப் பழம், அடுத்து ரோஜா, கடைசியில் பவுடர். ஒப்பனை மேசையின் வாசனையையே சென்ட்டாக்கும் இந்த மேல்நாட்டுப் பாணிக்கு நம்மூரில் ஒரு வக்காலத்தும் தயார்: "அம்மாவோட பவுடர் டப்பா வாசம் சார் இது." சென்ட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த வக்காலத்தைப் பொறுக்க முடியவில்லை.

பாணி மட்டமானதல்ல. ஃப்ரெடெரிக் மால் நிறுவனத்துக்காக ரால்ஃப் ஷ்வீகர் செய்து 2000இல் வந்த 'லிப்ஸ்டிக் ரோஸ்' கெட்டிக்காரத்தனமான வேலை. பழமும் பவுடரும் வலிந்து ஒட்டியவையும் அல்ல. வயலட் பூவின் பவுடர் மணத்துக்குக் காரணமான அயனோன் ராஸ்பெர்ரிப் பழத்திலும் உண்டு. 1893இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதைச் செயற்கையாகச் செய்தபோது சிட்ராலிலிருந்து தொடங்கினார்கள். சிட்ரால் மண்டிக் கிடப்பது கொச்சி வழியாகக் கப்பலேறிய மலையாளத்துப் புல்தைலத்தில். 'ஃபாரின்' வாசனைக்கு வேர் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது.

ஆனால் லிப்ஸ்டிக்குக்கு ஏன் மணம் சேர்த்தார்கள்? அது மெழுகும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த பண்டம். அந்தக் கொழுப்பு நெடியை அமுக்கத்தான் ரோஜாவும் வயலட்டும் வந்தன. நாம் 'லிப்ஸ்டிக் வாசம்' என்று அடையாளம் கண்டது அமுக்கியதும் அமுங்கியதும் சேர்ந்த ஒன்றை. சென்ட்காரர் அமுக்கியதை மட்டும் எடுத்து, மெழுகைத் துடைத்துவிட்டு, பழத்தையும் வெனிலாவையும் கூட்டிவிடுகிறார். பாதி ஜோடியை வைத்துக்கொண்டு கல்யாணம் என்கிறார்.

அம்மாவின் பவுடரும் அப்படித்தான். பாண்ட்ஸோ குட்டிக்கூராவோ கோகுல் சாண்டலோ, டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தா நாம் அந்த வாசனையை மனதில் வைத்திருக்கிறோம்? தேங்காயெண்ணெய் மினுக்கும் நெற்றியில், அடுப்பங்கரை வேர்வையின் மேல், முந்தானையால் ஒற்றி ஒற்றிப் பூசிய பவுடர் அது. பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றபின் பாதி கரைந்து, தலையில் வாடிய மல்லியோடு கலந்து வந்தது. எண்ணெய், வேர்வை, வாடல் மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது கடையில் வாங்கிய டப்பா. அதை அம்மா என்று சொல்வது அம்மாவுக்குக் கொஞ்சம் அநியாயம்.

சீவக சிந்தாமணியைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. குணமாலையும் சுரமஞ்சரியும் தங்கள் வாசனைச் சுண்ணப்பொடியைப் போட்டிக்கு வைக்க, சீவகன் அதை வானில் தூவி வண்டுகளைத் தீர்ப்புச் சொல்ல வைத்த கதை. வண்டுக்கு ஞாபகம் எதற்கு? நல்ல பொடியா என்பதே அங்கே கேள்வி. அந்தக் கேள்வியை வைத்தாலும் இந்தச் சென்ட் தேறாது. சித்திரை முகூர்த்தத்தில், மின்விசிறி திணறும் பந்தியில், பழம் கால் மணி நேரத்தில் ஓடிவிடும். வெனிலாவும் மஸ்க்கும் வேர்வையில் ஊதிப் பெருத்து நிற்கும். பக்கத்து இலைக்காரருக்குப் பாயசம் எதிலிருந்து மணக்கிறது என்றே தெரியாது.

குறை இனிப்பில் இல்லை, இனிப்புக்கு எதிராளி இல்லாததில். தஞ்சாவூர்க் கதம்பம் கட்டுகிறவர்களுக்கு இது பாடமே எடுக்க வேண்டாத விஷயம்: மல்லி எவ்வளவு வைத்தாலும் நடுவே மரிக்கொழுந்தின் பச்சைக் கசப்பு வந்தால்தான் சரம் எடுபடும். அந்த மரிக்கொழுந்தைக் காய்ச்சி வடித்தால் கிடைப்பது தவனத் தைலம். கசப்போடு, உலர்ந்த பழத்தின் வாசமும் அதில் தானாகவே இருக்கிறது. தென்னிந்தியாவில் விளைந்து மேல்நாட்டுச் சென்ட்காரர்கள் விலை கொடுத்து வாங்கும் சரக்கு அது. பவுடருக்கு மேலே பழம் வேண்டும் என்றால் அதிலிருந்தே தொடங்கியிருக்கலாம். அடியில் தேங்காயெண்ணெயை நினைவூட்ட லாக்டோன்கள் இருக்கின்றன, அவையும் அரிதல்ல. இரண்டையும் விட்டுவிட்டு மிட்டாய்க் கடைக்குப் போனவர்கள், திரும்பி வந்து அம்மா பெயரைச் சொல்லி விற்கிறார்கள்.