தோலில்லாத் தப்பு

சேரம்பாடியில், தேயிலைத் தோட்ட லைன் வீட்டு வாசலில், ஒரு தம்பி மின்கிதாரில் தப்பு அடித்துக் காட்டினான். கம்பிகளை அழுத்தாமல் இடக்கையால் சும்மா தொட்டு நாதத்தை அடக்கிவிட்டு வலக்கையால் தட்டுகிறான். 'தீ மூட்ட வேணாம்ண்ணே' என்றான். வாஸ்தவம். இந்த மலை ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும், காய்ச்சாமல் பேசாது. கிதாரின் காந்தத்துக்கோ கம்பியின் அதிர்வு போதும், தோலே வேண்டாம்.

சிக்கலே அங்கேதான். தோலைத் தொட்டதற்காகத்தானே அடிப்பவனைத் தீட்டு என்றார்கள்? ஓசையை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துகிற மேடைக்கு இந்த உத்தி ரொம்ப வசதி. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கிதாரைப் பறைக்குப் பதிலாக அல்ல, பக்கத்தில் நிறுத்தியது.

தம்பி, 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரன். அங்கே தோட்டங்களில் விடியலில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்புதான். தாத்தாவின் தப்பு எங்கே என்று கேட்டேன். பரணில் கிடக்கிறதாம்.