உப்புவெளிக் காணிகளும் கன்ரரின் சங்கிலியும்

1800ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் வரலாற்றில், கிடைக்கோணத்தையும் நிலைக்குத்துக் கோணத்தையும் தொலைநோக்கி வழியே அளக்கும் தியோடலைட்டுக்கே பெரும் புகழ் சேர்ந்துள்ளது. நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் அமைந்த அடிக்கோடுகளைக் கொண்டு தீவை முக்கோண வலையாக இணைத்தது அக்கருவியே என்பதால் அப்புகழ் தகுந்ததே. ஆயினும் உப்புவெளி போன்ற கரையோர ஊர்களில் காணிக்காரருக்கு உண்மையில் பொருட்படுவது, எட்மண்ட் கன்ரர் 1620இல் வகுத்த 66 அடி நீளச் சங்கிலியின் நம்பகமே.

நூறு கண்ணிகளாகப் பிரிக்கப்பட்ட அச்சங்கிலியில் பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கராவதால், பரப்புக் கணக்கு தசமத்தில் எளிதாக முடிந்தது. அதன் குறையோ உலோகத்திலேயே இருந்தது: வளையங்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, இழுவிசையில் விரிந்து, சங்கிலி மெல்ல நீண்டது, உப்புக்காற்றில் துரு அத்தேய்வை விரைவுபடுத்தியது. ஒரு கண்ணியளவு நீண்ட சங்கிலியால் அளந்தால், 160 பேர்ச் கொண்ட ஓர் ஏக்கர் ஏறத்தாழ 157 பேர்ச்சாகவே படத்தில் பதியும். பேர்ச் கணக்கில் காணி விலைபோகும் கடற்கரையில் இது சிறு வேறுபாடன்று.

ஆனால் நீட்சிப் பிழை எல்லாப் பக்கங்களையும் ஒரே விகிதத்தில் குறைத்துக் காட்டுவதால் காணியின் வடிவம் சிதைவதில்லை. பழைய எல்லைக்கற்கள் இரண்டு எஞ்சியிருந்தாலே அவ்விகிதத்தை மீட்டெடுக்கலாம். காந்த ஊசியால் எடுத்த திசைகளைத் திருத்தவும் அக்கற்கள் உதவும், ஆனால் காந்த வடக்கு ஆண்டுதோறும் நகர்வதால், கற்களும் எஞ்சாமல் அளந்த ஆண்டும் தெரியாத படத்தின் திசைகளை இன்றைய வடக்கோடு பொருத்துவது கடினம்.

போரும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் வேலிகளையும் அடையாள மரங்களையும் அழித்த பகுதிகளில், செய்மதிவழி மறு அளவைக்கும் பழைய உறுதிக்கும் இடையே தோன்றும் வேறுபாட்டை அயலவரின் அத்துமீறலாகக் கொள்வதற்கு முன், பழைய சங்கிலியின் தேய்வைக் கணக்கில் எடுப்பது நீதியானது. கிழக்கெல்லை கடல் என்று மட்டும் எழுதப்பட்ட உறுதிகளிலோ எந்தக் கருவியின் நுட்பமும் தனியே உதவாது. அளந்த நாளில் நீர்க்கோடு எங்கிருந்தது என்பதற்கு, நிலையான குறியொன்றிலிருந்து கரைவரை எண்ணப்பட்டுக் களக்குறிப்பேட்டில் பதியப்பட்ட சங்கிலித் தொலைவே வலுவான சான்றாகிறது.