அரிவாள்மணையும் ஓர் இருக்கைதான்

திட்டக்குடியில் தங்கை வீடு கட்டுகிறாள். பூச்சு வேலை முடிந்ததும் அம்மாவையும் என்னையும் விருத்தாசலம் சாலையில் ஒரு மரச்சாமான் கடைக்கு அழைத்துப்போனாள். கடைக்காரத் தம்பி டேப்லெட்டில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். வீடுகளை நாடு நாடாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஸ்காண்டிநேவியா என்றால் வெளிறிய மரம், வெள்ளைச் சுவர். ஜப்பான் என்றால் தரையோடு தாழ்ந்த மேசை. மொரோக்கோவுக்குத் துளையிட்ட பித்தளை விளக்கு. பாலிக்குப் பிரம்பும் வாழையிலை அச்சிட்ட சுவர்த்தாளும். (கடைக்குப் பின்னால் நிஜ வாழை குலை தள்ளி நின்றது.) கடைசியில் செட்டிநாடு. “இப்ப இதுதாங்க்கா ரொம்பப் போவுது” என்றார்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது. எல்லாப் படத்தையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “இதுல நான் எங்க குந்தறது?” என்று கேட்டார். தம்பி சோபாவைக் காட்டினார். அம்மா கேட்டது சமையலறையை. ஐந்து நாட்டுச் சமையலறைகளிலும் உட்கார ஒரு பலகைகூட இல்லை.

அந்தக் கேள்வியோடுதான் இந்த வகைமைகளைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வீட்டின் அழகு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பட்டியல்கள் சொல்லிவிடுகின்றன. அதில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றுகொண்டே இருந்தார்கள் என்று சொல்வதில்லை.

தமிழில் இருக்கைகளுக்குக் காலை எண்ணிப் பேர் வைத்திருக்கிறோம்: நாற்காலி, முக்காலி. கால் உயர உயர மதிப்பும் உயரும். தரையோடு கிடப்பது மணை. திருமணத்தன்று பெண்ணை மணையில் உட்காரவைக்கிறோம். மறுநாளிலிருந்து அவளுக்கென்று வீட்டில் மிஞ்சுகிற மணை அரிவாள்மணைதான். பலகையின் முனையில் அரிவாளை நிறுத்தி, அந்தப் பலகையிலேயே காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவது. தேங்காய் துருவுவதற்கும் அப்படியொன்று உண்டு. வேலை செய்யாமல் உட்கார முடியாத இருக்கை இது. எந்த அருங்காட்சியகத்திலும் இதை இருக்கை என்ற வரிசையில் வைத்து நான் பார்த்ததில்லை. சமையல் கருவி என்றே எழுதிவைக்கிறார்கள்.

செட்டிநாட்டுக்கு வருவோம். உலகின் பல மூலைகளிலிருந்து வீட்டுக்குப் பொருள் சேர்த்த கதை தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிதாக வேறெங்கும் இல்லை. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை எழுந்த வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, ஜப்பானிலிருந்து பூ ஓடு எல்லாம் வந்தன. இன்றைய வடிவமைப்பு நூல்கள் இதை உலகப் பண்பாடுகளிலிருந்து பெற்ற ‘உத்வேகம்’ என்று எழுதுகின்றன. அந்தத் தேக்கு பர்மாவின் நெல் வயல்களுக்குக் கொடுத்த கடனின் வட்டியில் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறக்குறைய 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத உழவர்களின் நிலம் கைமாறியதில், 1938இல் அது 25 விழுக்காடானது. தூணைத் தடவிப் பார்த்து வியக்கும்போது இந்தக் கணக்கும் நினைவில் இருக்கட்டும்.

ஆண்கள் கடல் கடந்து ஆண்டுக்கணக்கில் போய்விட, அந்த வீடுகளில் உண்மையில் குடியிருந்தவர்கள் பெண்கள். வீடோ அவர்களை வைத்து அளவெடுக்கப்பட்டதல்ல. முகப்பும் அதன் திண்ணையும், நாற்காலி போட்ட கூடமும் வரவு செலவு பேசுகிற ஆண்களுக்கு. வளவுக்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் மூன்றாம் கட்டு. அங்கேதான் அடுப்பும் உரலும் அம்மியும். திருமணமான ஒவ்வொரு மகனையும் ‘வேறு வைக்கும்’ வழக்கம் இருந்ததால் ஒரே கூரைக்கடியில் பல அடுப்புகள் எரிந்தன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண் தரையில் குந்தியிருந்தாள். சலவைக்கல் அவ்வளவு தூரம் போகவில்லை.

ஆச்சிமார்களை வெறும் அடைபட்டவர்களாகப் பார்ப்பதும் சரியில்லை. சீதனம் அவர்கள் பெயரில் இருந்தது. அதை வட்டிக்கு விட்டு வளர்த்தவர்களும் உண்டு. உலகப் பொருள் குவிந்த அந்த வீட்டில் அவர்கள் கை செய்தது பனையோலைக் கொட்டான். இன்று அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, கானாடுகாத்தானில் பெண்கள் அதைப் பின்னி விற்கிறார்கள். எனக்குப் பிடித்த செட்டிநாட்டுப் பொருள் அதுதான். ஆனால் ஆச்சிக்கே நாற்காலி இல்லாத இடத்தில், அந்தச் சலவைக்கல்லைத் துடைக்க வந்த பெண் எங்கே உட்கார்ந்திருப்பாள்? வீட்டின் எந்தக் கட்டு வரை அவளை விட்டார்கள்? முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பெயர்த்து நிறுத்திய செட்டிநாட்டு வீட்டைப் பார்க்கப் போனபோது, என் மாணவி ஒருத்தி “தூரமான பெண்கள் எந்த வாசல் வழியா போவாங்க மேடம்?” என்று கேட்டாள். வீட்டைச் சுற்றி வந்து தேடினோம். அழகாகச் செய்த மரவேலையில் அதற்கான பதில் எழுதியிருக்கவில்லை.

இப்போது அந்த வீடுகள் பல பிரிக்கப்பட்டு, கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கிடக்கின்றன. அங்கிருந்து விடுதிகளுக்குப் போகின்றன. உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுகிறார்கள். ஆட்டுக்கல் செயற்கை நீரூற்றாகிவிட்டது. பெண்ணின் கை விட்டுப்போன பிறகுதான் அந்தப் பொருளுக்கு அழகு என்ற பெயர் கிடைக்கிறது.

தங்கை தேர்ந்தெடுக்க நினைத்த மாடுலர் கிச்சனுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அதை 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வரைந்தவர் ஒரு பெண்: வியன்னாவின் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் உணவுப்பெட்டியைப் போலக் கைக்கு எட்டும் தூரத்தில் எல்லாம். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைக் கட்டினார்கள். அதுவரை தான் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒருத்தி மட்டுமே நிற்கக்கூடிய அறைக்குள் பெண்ணைத் தனியாக்கிவிட்டார் என்று 1970களின் பெண்ணியர்கள் அவரை விமர்சித்தார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சமையலறையில் சன்னலோரம் ஒரு மேசையும், உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சுழல் ஸ்டூலும் இருந்தன. நறுக்கிய கழிவைத் தள்ள மேசையிலேயே வழி வைத்திருந்தார். அது திட்டக்குடி வரை வந்து சேர்வதற்குள் அலமாரி வந்தது, இழுப்பறை வந்தது, புகைபோக்கி வந்தது. ஸ்டூலை மட்டும் எங்கோ இறக்கிவிட்டார்கள். நம் பெண்களைக் குந்துவதிலிருந்து எழுப்பி நிற்கவைத்ததை விடுதலை என்றோம்; நிற்பதற்கும் உட்கார்வதற்கும் நடுவில் தேர்வு அவர்களிடம் இல்லை.

அந்தக் கடையில் ‘சண்டிகர் நாற்காலி’யும் இருந்தது, V போலக் கால் விரிந்து, பிரம்பு பின்னியது. 1950களில் புதிய தலைநகரின் அரசு அலுவலகங்களுக்காகச் செய்தது. கழித்துப்போட்டு ஏலம் விட்டவற்றை வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப்போய் லட்சங்களுக்கு விற்க, 2011இல் உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட வேண்டியிருந்தது. பெயர் பியர் ஜானரேயுடையது. அந்தக் குழுவில் அறைகலன் வடிவமைப்பிலும் பங்காற்றிய யூலி சௌத்ரி, இந்தியாவின் முதல் பெண் கட்டடக்கலைஞர்களில் ஒருவர். கடைத்தம்பிக்கு இரண்டு பெயருமே தெரியாது. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

தங்கை கூடத்துக்கு ஸ்காண்டிநேவியாவை எடுத்தாள். சமையல் மேடையில் சன்னலை ஒட்டி மூன்றடி நீளத்தைத் தாழ்த்தி, கீழே கால் நீட்ட இடம் விட்டு, ஒரு ஸ்டூல் போடச் சொன்னாள். “கீழ கப்போர்டு போயிடுமேக்கா” என்றார் தம்பி. “போவட்டும்” என்றார் அம்மா.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது, பாத்திரம் கழுவ வருகிற அக்கா எங்கே குந்துவார் என்று தங்கையிடம் கேட்டேன். “ஒன் வீட்ல எங்க குந்தறாங்க?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். என் வீட்டில், பின்வாசல் படியில்.