நோட்டின் கடைசிப் பக்கம்

கம்பத்துக்காரி, என் பழைய மாணவி ஒருத்தியின் தங்கை, விமான நிறுவன நேர்காணலுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் வாங்கியவள். அந்த மணி நேரங்களுக்காக வீட்டுத் திராட்சைத் தோட்டம் அடமானத்தில் இருக்கிறது. அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக வானிலை, திசையறிதல், இன்ஜின் நின்றுபோனால் செய்யவேண்டியவை. கடைசிப் பக்கத்தில் மட்டும், பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒரு கேள்வி, பதிலோடு. ‘எப்போது கல்யாணம்?’ ‘ஐந்து வருடத்துக்கு அந்த எண்ணமே இல்லை, சார்.’ கேட்பவர் சார்தான் என்பதும் அங்கேயே முடிவாகிவிட்டது.

“வீட்ல மாப்பிள்ளை பாத்துட்டு இருக்காங்க மேடம். இது பொய்யில்லையா?” என்றாள்.

இந்தக் கடைசிப் பக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1947இல் உரிமத்தோடு வேலை தேடிய பிரேம் மாத்தூரை எட்டு நிறுவனங்கள் பெண் என்பதாலேயே திருப்பி அனுப்பின; டெக்கான் ஏர்வேஸ்தான் எடுத்துக்கொண்டது. அங்கும் விமானத்தின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. துர்பா பானர்ஜி விமானி வேலை கேட்டுப் போனபோது, அமைச்சர் தரமுன்வந்தது பணிப்பெண் வேலை. 1966இல்தான் அவர் இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியானார். இருவரையுமே ‘முதல் பெண் விமானி’ என்று எழுதுகிறார்கள். இத்தனை ‘முதல்’ எதற்கு? இரண்டாமவளை யாரும் எண்ணவில்லை என்பதற்கா?

தமிழ் இதில் நேர்மையாகவே இருக்கிறது. விமானி என்ற சொல்லுக்கு அவன், அவள், அவர் எல்லாம் பொருந்தும். நம் செய்தித்தாள்கள்தான் முன்னால் ‘பெண்’ணை ஒட்டவைக்கின்றன. பணிப்பெண்ணுக்கோ சொல்லிலேயே பால் உண்டு. அமைச்சரின் அந்த யோசனை ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு இறக்கிவிடுவதுதான்.

இந்திய விமானிகளில் இன்று பெண்கள் 12 சதவீதத்துக்கும் மேல். உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெருமைதான். அந்தப் பெருமைக்குப் பிறகும் கடைசிப் பக்கம் கிழிக்கப்படவில்லை. மாப்பிள்ளை பார்க்கப்படும் ஆண் விமானியின் நோட்டில் அது இருக்காது.

பெண்ணியம் பேசுகிற நான், “பொய்தான், சொல்லிவிடு” என்றேன். அடமானப் பத்திரத்துக்கு முன்னால் வேறென்ன சொல்ல? சொன்ன பிறகு கூச்சமாக இருந்தது.

அதனால் நானே ஒரு கேள்வி கேட்டேன்: தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு இந்தப் பக்கம் காற்று என்ன செய்யும்? பேனாவைக் கீழே வைத்தாள். மழையைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டுக் காற்று மட்டும் நம் பள்ளத்தாக்குக்குள் இறங்கும். இறங்கும் காற்று விமானத்தையும் சேர்த்து இழுக்கும். அதனால் முகட்டை நேராக நெருங்கக் கூடாது, உயரத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு 45 டிகிரி சாய்வில் போக வேண்டும். முடியாவிட்டால் சட்டென்று திரும்பிவிடலாம் என்றாள். சொல்லும்போது அவள் கை தானாகவே மேற்கே, கம்பம்மெட்டுப் பக்கம் நீண்டது.